வயதின் மேல் பழி போடும் முன் நாயின் ஈறைப் பாருங்கள்

பத்து வயது தாண்டிய நாய் கொஞ்சம் இளைத்துப்போனால், மாடிப்படி ஏறத் தயங்கினால், பகல் முழுக்கப் படுத்தே கிடந்தால் வீட்டில் எல்லோரும் சொல்வது, "அதுக்கும் வயசாகுதில்ல." பல சமயம் அது உண்மைதான். ஆனால் குடலில் புழு இருந்தாலும் நாய் இப்படித்தான் ஆகும். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய், பல் நோய் என்று முதுமையில் வரும் சிக்கல்கள் நிறைய இருப்பதால், யாரும் புழுவை நினைத்துப் பார்ப்பதில்லை. அத்தனை சிக்கல்களிலும் குறைந்த செலவில் கண்டுபிடித்துச் சரிசெய்யக் கூடியது இதுதான் என்பதால், அதைத் தவறவிடுவது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

புழு என்றால் குட்டி நாய்களின் தொல்லை என்ற எண்ணம் வந்ததற்கும் காரணம் உண்டு. குட்டியின் வயிற்றை உப்ப வைத்து, வாந்தியிலும் மலத்திலும் நீளமாக வெளியே வருவது உருளைப்புழு. வளர்ந்த நாய்க்குள் போகும் உருளைப்புழு லார்வாக்கள், அதாவது இளம்புழுக்கள், பெரும்பாலும் குடலுக்குத் திரும்புவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியால் தசைகளிலும் மற்ற உறுப்புகளிலும் அப்படியே முடங்கிவிடுகின்றன. எனவே பெரிய நாயிடம் அந்த உப்பிய வயிற்றைத் தேடினால் கிடைக்காது. சாட்டைப்புழுவும் நாடாப்புழுவும் வயது பார்ப்பதில்லை. கொக்கிப்புழுவுக்கு எதிராக வளர்ந்த நாய்க்கு ஓரளவு எதிர்ப்பு உண்டு. ஆனால் முதுமை, நீண்ட நாள் ஸ்டீராய்டு மாத்திரை, வேறு நோய் ஏதாவது சேர்ந்தால் அந்தக் காவல் தளர்ந்துவிடும்.

நம் ஊர் வெயிலுக்கும் ஈர மண்ணுக்கும் மிகவும் பொருந்திப்போவது கொக்கிப்புழுதான். நீளம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். மலத்தில் கண்ணுக்குத் தென்படுவது அபூர்வம். குடல் சுவரின் ஒரு துணுக்கை வாய்க்குள் இழுத்துப் பற்களால் கவ்விக்கொண்டு, ரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் சுரக்கும். அப்புறம் அந்த இடத்தை விட்டு வேறு இடத்தைக் கடிக்கும். பழைய காயத்திலோ கசிவு நிற்காது. ஒரு புழுவால் நாளொன்றுக்கு 0.1 மில்லி ரத்தம் வரை போகலாம். நூறு புழு இருந்தால் 10 மில்லி. பத்து கிலோ எடையுள்ள நாயின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே சுமார் 800 முதல் 900 மில்லிதான்.

இழப்பு மெதுவாக நடப்பதால் உடல் ஈடுகட்டிக்கொண்டே போகும். இரும்புச் சத்து குறையக் குறைய, நாய் தன் ஓட்டத்தையும் விளையாட்டையும் குறைத்துக்கொள்ளும். நாம் அதை முதுமை என்று எடுத்துக்கொள்கிறோம். இங்கேதான் ஈறு உதவுகிறது. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளிறிப் போயிருந்தால் ரத்தசோகையாக இருக்கலாம். சில நாய்களுக்கு ஈறே கறுப்பாக இருக்கும். அப்படியானால் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்பக்கத்தைப் பார்க்கலாம். தார் போலக் கறுத்துப் பிசுபிசுத்த மலமும் குடலின் மேற்பகுதியில் ரத்தம் கசிவதன் அடையாளம். இரண்டில் எது தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம், மருத்துவரிடம் போய்விடுங்கள்.

சாட்டைப்புழு பெருங்குடலில் தங்கும். சளியும் புது ரத்தமும் கலந்த மலம், வந்து வந்து போகும் பேதி இதன் வழக்கம். நாடாப்புழு வந்திருந்தால் வாலடியில் அரிசி அளவு வெள்ளைத் துண்டுகள் ஒட்டியிருக்கும். அது தெள்ளுப்பூச்சி வழியாக வருவதால், தெள்ளை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுத்தால் திரும்ப வந்துவிடும். நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்தாலே புழு என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் அது ஆசனவாய்ச் சுரப்பி அடைப்பு.

உறுதியாகத் தெரிந்துகொள்ள மலப் பரிசோதனைதான் வழி. விதை நெல் தேர்ந்தெடுக்க உப்புக் கரைசலில் போட்டு, பதரை மிதக்கவிட்டு அள்ளுவோமே, அதே தத்துவம்தான். அடர்த்தியான சர்க்கரை அல்லது உப்புக் கரைசலில் மலத்தைக் கலக்கினால் கழிவு அடியில் தங்கும். கரைசலைவிட லேசான புழு முட்டைகள் மேலே வந்து கண்ணாடித் தகட்டில் ஒட்டும். மையவிலக்குக் கருவியில் சுழற்றி எடுத்தால் இன்னும் அதிகம் சிக்கும்.

முட்டை இல்லை என்று முடிவு வந்தால் புழு இல்லை என்று ஆகிவிடாது. சாட்டைப்புழு உள்ளே போய் முட்டையிடவே சுமார் மூன்று மாதம் ஆகும். இட்டாலும் தினமும் இடாது. நாடாப்புழு தன் முட்டைகளைத் துண்டுக்குள்ளேயே வைத்து அனுப்புவதால் கரைசலில் மிதந்து வருவது குறைவு. அதனால் சந்தேகம் இருந்தால் வேறு வேறு நாட்களின் மலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புழு வெளிவிடும் புரதத்தையே கண்டறியும் பரிசோதனைகளும் இருக்கின்றன. மாதிரி அன்றைக்கே எடுத்ததாக, மண் ஒட்டாததாக இருக்கட்டும். வெயில் காலத்தில் கொக்கிப்புழு முட்டை ஓரிரு நாளில் பொரித்துவிடும், மண்ணில் இயல்பாக வாழும் நுண்புழுக்களும் கலந்து குழப்பும்.

மருந்து கொடுத்த சில வாரங்களில் மறுபடி கொக்கிப்புழு தெரிந்தால் உடனே மருந்தைக் குறை சொல்லிவிட முடியாது. வழக்கமான பூச்சி மருந்துகள் குடலில் இருப்பதைக் கொல்லும். தசையில் உறங்கும் லார்வாக்கள் பிறகு எழுந்து காலி இடத்துக்கு வரக்கூடும். எல்லா மருந்தும் எல்லாப் புழுவுக்கும் கேட்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பைரான்டல் மட்டும் கொடுத்தால் சாட்டைப்புழு அப்படியே இருக்கும். நாடாப்புழுவுக்குப் பிராசிகுவான்டல் வேண்டும். வயதான நாய்க்குக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுப்பது சரியில்லை. இப்போதைய எடை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள், கல்லீரல், சிறுநீரக நிலை எல்லாம் மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது, மலத்தை அன்றன்றே அள்ளிவிடுவது. கொக்கிப்புழு முட்டை பொரித்து, தோலைத் துளைக்கும் லார்வாவாக வளரச் சில நாட்கள் வேண்டும். அதற்குள் எடுத்துவிட்டால் மண்ணுக்குப் போகாது. இலங்கையின் பழைய பெயரைத் தாங்கி நிற்கும் 'ஆன்சைலோஸ்டோமா சிலானிகம்' என்ற நாய்க் கொக்கிப்புழு மனிதக் குடலிலும் வளர்ந்து முட்டையிடக் கூடியது. வாசலில் வெறுங்காலோடு விளையாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த வேலையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.