குவாட்ருபோல்: நான்முனைக் காந்தம்

லத்தீனில் ‘குவாட்ரி’ என்றால் நான்கு. கிரேக்கத்தில் ‘போலோஸ்’ என்றால் அச்சு, சுழல்முனை. இரண்டும் ஒட்டியதுதான் குவாட்ருபோல். தமிழில் ‘நாற்முனை’, ‘நால்துருவம்’ என்றெல்லாம் எழுதுகிறார்கள். நால் + முனை புணர்ந்தால் நான்முனை. சுசீந்திரம் தாணுமாலயனில் அயனாக நிற்பவர் நான்முகன் ஆனதும் இதே புணர்ச்சியால்தான். குமரிமுனை இருக்கும் மாவட்டத்தில் ‘முனை’க்கு விளக்கம் தேவைப்படாது, ‘துருவம்’ வேண்டியதில்லை.

வடக்கு, தெற்கு, வடக்கு, தெற்கு என நான்கு காந்தமுனைகள், கற்றை செல்லும் துளையைச் சுற்றி நிற்கும். நடுவில் காந்தப்புலம் பூச்சியம். விலக விலக நேர்விகிதத்தில் கூடும். ஆகவே எலக்ட்ரான் கற்றைக்கு இது ஒரு வில்லை. ஆனால் அரைகுறை வில்லை: கிடைமட்டத்தில் குவித்தால் செங்குத்தில் விரிக்கும். எதிரெதிராகத் திருப்பிய இரண்டை (இரட்டை) அல்லது மூன்றை (மும்மை) அடுத்தடுத்து வைத்தால்தான் இரு தளங்களிலும் குவியும். 1952-இல் இயற்பியலாளர்கள் கூரன்ட், லிவிங்ஸ்டன், ஸ்னைடர் வெளியிட்ட வலுக்குவிப்பு இதுவே. கிறிஸ்டோஃபிலோஸ் அதற்கு முன்பே தனியாக இதைக் கண்டிருந்தார்.

பிளாஸ்மா முடுக்கியில் (அயனியாக்கிய வாயுவில் எழும் அலையால் எலக்ட்ரான்களை முடுக்கும் கருவி) இதன் வேலை கடினமானது. 1 ஜிகா எலக்ட்ரான்வோல்ட் கற்றை, மீட்டருக்கு 100 டெஸ்லா சரிவு (மையத்தை விட்டு விலக விலகப் புலம் கூடும் வீதம்), 10 செ.மீ. நீளம் என்று வைத்தால் குவியத் தொலைவு ஏறத்தாழ 33 செ.மீ. கன சென்டிமீட்டருக்கு 10¹⁷ எலக்ட்ரான் அடர்த்தியுள்ள பிளாஸ்மாவோ, தனக்குள் மீட்டருக்கு 30 லட்சம் டெஸ்லாவுக்கு நிகராகக் குவிக்கும். அதற்குள் கற்றை பருத்தும் சிறுத்தும் துடிக்காமல் போக, நுழைவாயிலில் பீட்டா சார்பு (கற்றை எவ்வளவு இறுக்கமாகக் குவிகிறது என்பதன் அளவு; சிறிதானால் கற்றை ஒடுங்கும்) 1 மி.மீ. அளவுக்கு இறங்க வேண்டும்.

இங்கேதான் பலரும் சறுக்குவது. குவியத் தொலைவு உந்தத்தைப் பொறுத்தது. ஆற்றல் விரவல் (எலக்ட்ரான்களின் ஆற்றல்களுக்கிடையே உள்ள வேறுபாடு) 1 சதவீதம் என்றால் குவியம் 3.3 மி.மீ. முன்பின் நகர்கிறது, பீட்டாவோ 1 மி.மீ. தான்! கணினியில் ஒற்றை ஆற்றலுக்குப் போட்ட அழகான வடிவமைப்பு, நிஜக் கற்றையில் புள்ளியைப் பெருக்கிவிடும். பிளாஸ்மா அடர்த்தியை நுழைவில் படிப்படியாக ஏற்றினால் பீட்டாவைப் பெரிதாகவே விடலாம். முதலில் செய்ய வேண்டியது அது. கற்றை ஆற்றல்வாரியாகப் பிரிந்து செல்லும் இடத்தில் அறுமுனைக் காந்தம் வைப்பது அடுத்த வழி, ஆனால் அது நீளம் கேட்கும்.

காந்தத்தின் மையம் 0.1 மி.மீ. விலகினால் கற்றை 0.3 மில்லிரேடியன் திரும்பும். சீரமைப்பில் சலுகை கிடையாது.

துளையைச் சில மி.மீ. ஆக்கினால் நிலைக்காந்த நான்முனைகள் மீட்டருக்கு 500 டெஸ்லா வரை தரும். மின்னோட்டத்தால் மாற்ற முடியாது. மோட்டார் மேடையில் முன்பின் நகர்த்தித்தான் குவியம் தேட வேண்டும். இவற்றுக்கு வேண்டிய நியோடிமியம், மணவாளக்குறிச்சி கருமணலில் பிரித்தெடுக்கும் மோனசைட் கனிமத்திலும் இருக்கிறது. நியோடிமியக் காந்தம் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறத்தாழ 0.1 சதவீதம் வலு இழக்கும். கதிர்வீச்சு மிகுந்த இடமென்றால் சமாரியம்-கோபால்ட்டே மேல். வலு சற்றுக் குறைவுதான், விலையும் கூடுதல்.