சுவரைத் தேர்ந்தெடுக்கும்போதே வேலையும் தீர்மானமாகிறது

குறைந்த செலவு வீட்டுத் திட்டங்களில் கட்டுமானப் பொறியாளராகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் எனக்கு, ஏறத்தாழ ஒவ்வொரு திட்ட அறிக்கையின் முன்னுரையிலும் ஒரே வாக்கியத்தைப் படிக்க நேர்கிறது: இத்திட்டம் வீடற்றவர்களுக்கு வீட்டையும் வேலையற்றவர்களுக்கு வேலையையும் தரும். எழுதியவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் பக்கங்களைப் புரட்டி வரைபடத்துக்கும் மதிப்பீட்டுக்கும் வந்தால், தொழிற்சாலையில் வார்த்து வந்திறங்கும் சுவர்ப் பலகைகளும், அவற்றைத் தூக்கி நிறுத்தும் கிரேனும், சில மாதங்களில் முடித்தாகவேண்டிய கெடுவும்தான் இருக்கின்றன. பள்ளியைப் பாதியில் விட்ட இளைஞருக்கோ, சிறையிலிருந்து திரும்பியவருக்கோ, தனியாகக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணுக்கோ அந்தத் தளத்தில் சுமை தூக்குவதைத் தவிர வேறு என்ன வேலை இருக்க முடியும்? வரைபடத்தில் கையெழுத்திடும் நாளிலேயே அவர்களுடைய இடம் முடிவாகிவிடுகிறது. அதன்பின் ஒப்பந்ததாரரைக் குறைகூறுவதில் பொருளில்லை.

ஒரு வீட்டுக்கான பணம் பொருளுக்கும் உழைப்புக்கும் எப்படிப் பிரிகிறது என்பதை நிர்ணயிப்பது கட்டும் முறைதான். சுவரையே எடுத்துக்கொள்வோம். மணற்பாங்கான மண்ணைச் சலித்து, அதில் சுமார் 5 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் சேர்த்து, அளவான ஈரத்துடன் கையால் இயக்கும் அச்சு இயந்திரத்தில் அழுத்தினால் சுடாத மண்கட்டி கிடைக்கிறது. 1950களில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் ரவுல் ராமிரெஸ் என்ற பொறியாளர் உருவாக்கிய 'சின்வா-ராம்' இயந்திரம் இவ்வகைக் கருவிகளுக்கு முன்னோடி. நீண்ட நெம்புகோலை இழுக்க இரண்டு பேர் போதும், மின்சாரம் தேவையில்லை. சூளைக்கும் விறகுக்கும் லாரிக்கும் போயிருக்கும் பணத்தில் ஒரு பங்கு, மண் சலிப்பவர், கலப்பவர், நெம்புகோல் இழுப்பவர், கட்டியை அலுங்காமல் எடுத்து அடுக்குபவர், நான்கு வாரம் ஈரம் காயாமல் காப்பவர் ஆகியோரின் கூலியாகிறது. ஒவ்வொரு கட்டியின் உயரத்தையும் அளந்து, வேறுபாடு உள்ளதை ஒதுக்கும் பணி இதில் மிக முக்கியமானது. மேசையருகே அமர்ந்தே செய்யக்கூடியது என்பதால், கால் இயங்காத ஒருவரிடம் அதை நம்பி ஒப்படைத்திருக்கிறேன். அவருடைய கண்ணுக்குத் தப்பிய கட்டிகள் மிகக் குறைவு.

இந்த முறை எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. களிமண் மிகுந்த மண்ணில் சிமெண்டைக் கூட்டிக் கூட்டி ஊற்றினால் சிக்கனம் என்ற பேச்சே அடிபட்டுப்போகும். அத்தகைய இடங்களில், இங்கிலாந்தில் பிறந்து இந்தியாவில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையைக் கருதலாம். செங்கற்களைக் குத்தாக நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவதால், வழக்கமான ஒன்பது அங்குலச் சுவரைவிட ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாகிறது. கொத்தனார் நிதானமாகவும் கவனமாகவும் கட்டவேண்டியிருப்பதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். செங்கல்லில் மிச்சமாகும் பணம் தேர்ந்த கைக்குப் போய்ச் சேருவதை நான் நிறையாகவே கருதுகிறேன்.

பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பெரும்பாலான திட்டங்கள் சறுக்கும் இடம் இதுதான். என் தளமொன்றில், பத்து ஆண்டுகளுக்கு மேல் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்த ஒரு பெண்ணிடம் கரண்டியும் தூக்குக்குண்டும் கொடுத்துக் கட்டச் சொன்னோம். அவர் எழுப்பிய முதல் சுவர் தூக்கு விலகியிருந்தது. இடித்துவிட்டு மீண்டும் கட்டவேண்டியதாயிற்று. அந்த இடிப்பின் செலவு யாருடையது என்ற கேள்வி அன்று மாலையே எழுந்தது. மேஸ்திரி அவருடைய கூலியில் பிடிக்க முனைந்தார். பிடித்திருந்தால் மறுநாள் அவர் சட்டிக்கே திரும்பியிருப்பார். கற்பவர் கையில் சில சுவர்கள் கோணலாகத்தான் எழும். அந்த இழப்பை மதிப்பீட்டிலேயே தனித் தலைப்பாக எழுதி, பயிற்சிக்கான நிதியிலிருந்து ஈடுகட்டவேண்டும். வீட்டின் விலையில் அதை ஏற்றினால் குடியேறும் ஏழையும், கூலியில் பிடித்தால் கட்டும் ஏழையும் அதைச் சுமக்கிறார்கள். கட்டிய அளவுக்கேற்பத் தரும் அளவுக்கூலியையும் கற்பவர்களுக்கு வைக்கக்கூடாது. முதல் வாரங்களில் தேர்ந்த கொத்தனார் கட்டுவதில் பாதியைக்கூட அவர்களால் எட்ட முடியாது. வயிற்றுக்காக அவசரப்பட்டால் இணைப்புகளில் சாந்து நிறையாது, வேலையும் கைவராது. நாட்கூலியும், ஐந்தாறு பேருக்கு ஒரு பொறுமையான மூத்த கொத்தனாரும் வேண்டும். அந்த மூத்தவருக்குக் கற்பிப்பதற்கென்று தனி ஊதியம் தரவேண்டும் என்பதை நான் தாமதமாகவே உணர்ந்தேன்.

வேலை கொடுத்தோம் என்பதை எப்படி அளப்பது? அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சிச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, அரசின் வீட்டுவசதி நிதியில் நடக்கும் பணிகள் குறைந்த வருமானமுள்ள உள்ளூர் மக்களுக்கு இயன்றவரை வேலை தரவேண்டும் என்கிறது. புதிதாகச் சேர்க்கப்படுவோரில் 30 விழுக்காட்டினர் அத்தகையவர்களாக இருக்கவேண்டும் என்பதே நெடுங்காலம் அதன் அளவுகோலாக இருந்தது. ஒருவரைச் சில நாட்கள் மட்டும் வைத்திருந்தாலும் அந்தக் கணக்கில் அவர் ஓர் ஆள்தான். 2020இல் விதியைத் திருத்தி, மொத்த உழைப்பு மணிகளில் 25 விழுக்காடு என்று மாற்றினார்கள். தலைகளை எண்ணுவதிலிருந்து மணிகளை எண்ணுவதற்கு மாறியது மிகச் சரியான திருத்தம் என்பது என் கருத்து. என் தளங்களில் வருகைப் பதிவேட்டில் மணியோடு, அந்த மணி எந்த வேலையில் கழிந்தது என்பதையும் எழுதச் சொல்கிறேன். ஆறு மாதம் ஆன பின்னும் ஒருவர் பெயருக்கு எதிரே சுமை என்றே இருந்தால், அவருக்கு நாம் எதையும் கற்பிக்கவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வேகமும் இதனோடு பிணைந்தது. நூறு வீடுகளுக்கு ஒரே வேளையில் அஸ்திவாரக் குழி தோண்டினால் நிறையப் பேருக்கு வேலை கிடைத்ததுபோல் தோன்றும். ஆனால் ஒவ்வொருவரும் ஒரு கட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியேறிவிடுவார்கள். பத்துப் பத்து வீடுகளாக எடுத்தால், அதே குழு அஸ்திவாரத்திலிருந்து பூச்சு வரை பத்து முறை செல்லும். நான்காவது தொகுதிக்குள் சென்ட்ரிங் அடிக்கவும் கம்பி கட்டவும் கேட்காமலேயே கை போகும். நியூயார்க்கின் கிழக்கு ஹார்லெமில் 1978இல், டோரத்தி ஸ்டோன்மன் பதின்வயதினருடன் சேர்ந்து பாழடைந்த குடியிருப்புக் கட்டடத்தைப் புதுப்பித்ததிலிருந்து வளர்ந்த 'யூத்பில்டு' இயக்கம், பள்ளியை விட்ட 16 முதல் 24 வயது வரையிலான இளைஞர்களின் காலத்தை வகுப்பறைக்கும் கட்டுமானத் தளத்துக்கும் பகிர்கிறது. பரப்பளவைக் கணக்கிடத் தெரியாதவருக்குக் கொத்து வேலையில் உயர்வு கடினம் என்பதால், அந்தப் பகிர்வில் ஆழ்ந்த நியாயம் இருப்பதைக் காண்கிறேன்.

ஒப்பந்த முறையும் இதற்கு இடம்கொடுக்கவேண்டும். இலங்கையில் 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தில், கிணறு, வடிகால், நடைபாதை போன்ற சிறு பணிகளைக் குடியிருப்போரின் சங்கங்களுக்கே ஒப்பந்தமாக அளித்தார்கள். கைமுதல் இல்லாத குழுவிடம் பிணைத்தொகை கேட்டுவிட்டு, முடித்த வேலைக்கான பட்டியலுக்கு மூன்று மாதம் கழித்துப் பணம் தந்தால், அந்தக் குழு வட்டிக்கடனில் மூழ்கிப்போகும். முன்பணமும் வாரந்தோறும் அளந்து பணம் வழங்குவதும் இல்லாமல் இம்முறையில் யாரும் இறங்கவேண்டாம்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவுபடுத்தவேண்டும். உருகுவேயில் 1968ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின் துணையோடு வளர்ந்த கூட்டுறவுச் சங்கங்களில், குடும்பங்கள் வாரந்தோறும் குறித்த மணிநேரம் உழைத்துத் தங்கள் குடியிருப்பை எழுப்புகின்றன. அது சொந்த வீட்டுக்கான மதிப்புமிக்க வழி. அதை வேலைவாய்ப்பு என்று கணக்கில் காட்டக்கூடாது. கூலியில்லாத உழைப்பைப் பயிற்சி என்ற பெயரில் வாங்கிக்கொள்ளும் திட்டங்களைக் கண்டபோதெல்லாம் நான் எதிர்த்திருக்கிறேன்.

சாரத்துக்குத் தடுப்புக் கம்பி, சிமெண்டில் புண்படும் கைகளுக்கு உறை, பெண்களுக்குப் பூட்டக்கூடிய கழிப்பறை, குழந்தைகளுக்கு நிழலும் பார்த்துக்கொள்ள ஆளும் ஆகிய எவற்றுக்கும் விளக்கம் தேவையில்லை. இவற்றுள் கடைசி இரண்டு இல்லாத தளத்தில் பெண்கள் நிலைப்பதில்லை.

கடைசி வீடு முடிந்ததும் வேலையும் முடிந்துவிடுகிறது என்ற நிலை வராமலிருக்க, மண்கட்டி அச்சுக்களத்தைக் குழுவின் பெயருக்கே மாற்றி வெளியாருக்கும் விற்கச் செய்கிறோம். குழாய், மின்சாரம், வண்ணப்பூச்சு ஆகியவற்றில் தேர்ந்தவர்களுடன் குடியிருப்பின் பராமரிப்புக்கு ஆண்டு ஒப்பந்தம் எழுதுகிறோம். வீட்டை ஒப்படைக்கும்போது சாவியோடு ஒரு தாளும் தருகிறோம். சுவரில் விரிசல் கண்டால் யாரை அழைப்பது, குழாய் ஒழுகினால் யாரை அழைப்பது என்று அந்த வீட்டைக் கட்டியவர்களின் பெயர்கள் அதில் இருக்கும். முதல் சுவரை இடித்துக் கட்டிய அந்தப் பெண்ணின் பெயர், இப்போது அந்தத் தாளில் கொத்து வேலைக்கு எதிரே முதலாவதாக இருக்கிறது.