கொழுப்புக் குமிழில் ஏறிச் செல்லும் மருந்து

டாக்சோரூபிசின் புற்றுநோய் உயிரணுக்களை அழிப்பதில் வல்லது. ஆனால் அது இதயத்தசையையும் பாதிக்கும். ஆகவே மருந்தை மாற்றாமல், அது ஏறிச் செல்லும் ஊர்தியை மாற்ற ஆய்வாளர்கள் முனைந்தனர். அந்த ஊர்திதான் லிப்போசோம் என்னும் நுண்ணிய கொழுப்புக் குமிழ்.

1960களில் இங்கிலாந்தின் பேப்ரகாமில் உயிரணுச் சவ்வுகளிலுள்ள பாஸ்போலிப்பிட்டு என்னும் கொழுப்புகளை ஆராய்ந்த அலெக் பாங்கம், அவை நீரில் தாமாகவே மூடிய நுண்குமிழ்களாவதைக் கண்டார். ஒவ்வொரு மூலக்கூற்றுக்கும் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் இரண்டு வால்களும் உண்டு. வால்கள் உள்ளே ஒதுங்க, தலைகள் இருபுறமும் நீரைத் தொட, ஈரடுக்குச் சுவர் உருவாகிறது. ஓரங்களிலுள்ள வால்கள் நீரில் படாதிருக்க அது வளைந்து மூடிக்கொள்கிறது. நீரில் கரையும் மருந்து உட்குழியிலும், கொழுப்பில் கரைவது சுவரிலும் தங்கும். (கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளின் கொழுப்புத் துகள்கள் இதன் உறவினவே, நீர்க்குழி இல்லாத அவற்றை லிப்போசோம் என்பது சரியன்று.)

மருந்தை நிரப்பும் உத்திதான் எனக்கு மிகவும் வியப்பளிப்பது. முதலில் அம்மோனியம் சல்ஃபேட்டைக் குமிழுக்குள் அடைக்கிறார்கள். அதிலிருந்து அம்மோனியா மெல்ல வெளியேற, உட்புறம் அமிலமாகிறது. வெளியிலிருந்து மின்னேற்றமின்றிச் சுவரைக் கடந்துவரும் டாக்சோரூபிசின், உள்ளே புரோட்டானைப் பெற்று மின்னேற்றம் அடைவதால் திரும்ப முடியாமல், சல்ஃபேட்டுடன் சேர்ந்து படிகமாகிவிடுகிறது. எலிப்பொறிக்குள் நுழைந்த எலியின் கதைதான்.

வெறும் குமிழ்களைக் கல்லீரல், மண்ணீரலிலுள்ள விழுங்கணுக்கள் விரைவில் பிடித்துவிடும் என்பதால், பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளால் அவற்றைப் போர்த்தினர். இவ்வாறு உருவான டாக்சில் என்னும் லிப்போசோம் மருந்து 1995இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கட்டிகளின் கசியும் இரத்தக்குழாய்கள் வழியே குமிழ்கள் அங்கே சேரும் என்ற எதிர்பார்ப்பு எலிகளில் நன்கு மெய்ப்பட்டாலும், மனிதர்களில் ஆளுக்கு ஆள், கட்டிக்குக் கட்டி வேறுபடுகிறது. உறுதியான பயன், இதயப் பாதிப்பு குறைந்ததே. அதற்கும் விலை உண்டு: உள்ளங்கையும் பாதமும் சிவந்து வலிக்கலாம்.

சிங்கப்பூரில் இதே குமிழ் வேறொரு பணிக்கு ஆராயப்பட்டது. கண்ணழுத்த நோயாளிகள் (கிளாக்கோமா உள்ளவர்கள்) நாள்தோறும் சொட்டு மருந்திட வேண்டும். நம் வீட்டு முதியவர்கள் பலர் அதை மறந்துவிடுவார்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சுப்பு வெங்கட்ராமனும் கண் மருத்துவர் டீனா வோங்கும் தம் குழுவினருடன், கொழுப்பில் கரையும் லாட்டனோபிராஸ்ட் என்னும் கண்ணழுத்த மருந்தை லிப்போசோமில் ஏற்றி, விழிவெண்படலத்தின் மேலுள்ள மெல்லிய சவ்வின் அடியில் செலுத்தும் முறையை உருவாக்கினர். இங்கே குமிழ் எங்கும் பயணிக்க வேண்டியதில்லை. ஒரே ஊசியில் சென்ற மருந்தை, இருந்த இடத்திலிருந்தே மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் கசியவிட்டால் போதும்.