வைஃபை வரவில்லை என்று லினக்ஸை மறுபடி நிறுவாதீர்கள்

"இன்ஸ்டால் பண்ணும்போது வைஃபை வந்தது, ரீஸ்டார்ட் ஆனதும் போயிடுச்சு." மினிமல் லினக்ஸ் (அடிப்படைத் தேவைகள் மட்டும் உள்ள நிறுவல்) போட்டவர்களிடம் நான் அடிக்கடி கேட்கும் புகார் இது. என்னிடம் வருவதற்குள் பலர் மறுபடி நிறுவியும் பார்த்திருப்பார்கள். பெரும்பாலும் மெஷினில் கோளாறே இருக்காது.

ஆர்ச் லினக்ஸைப் பாருங்கள். பென்டிரைவில் ஓடும் ஆர்ச்சில் ஐடபிள்யூடி என்கிற வைஃபை நிரல் தயாராக இருக்கும். வட்டில் ஏறும் அடிப்படைத் தொகுப்பில் அது கிடையாது, நாம் கேட்டுப் போட்டால்தான் உண்டு. சரி, விட்டுப்போனால்? மறுபடி பென்டிரைவில் பூட் செய்து, வட்டை மவுன்ட் செய்து, ஆர்ச்-குரூட் (arch-chroot, வட்டில் உள்ள லினக்ஸுக்குள் நுழையும் கட்டளை) வழியாக உள்ளே போய், வைஃபை இணைப்பைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரைப் போடுங்கள். பூட் ஆகும்போது அது தானாக ஓடும்படி சர்வீஸை எனேபிள் செய்யவும் மறக்காதீர்கள்.

டெபியன் என்கிற இன்னொரு லினக்ஸில் பெரும்பாலும் ஃபர்ம்வேர்தான் (வைஃபை கார்டுக்குள் ஓடும் மென்பொருள்) சிக்கல். 2023இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவும் கோப்பிலேயே ஃபர்ம்வேரும் சேர்ந்து வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் நாம்தான் தேடிப் போட வேண்டும். எந்தக் கோப்பு இல்லை என்பதைக் கர்னல் பதிவே (லினக்ஸின் மையப் பகுதி எழுதும் லாக்) பெயரோடு சொல்லிவிடும். அதைப் படிக்காமல், எங்கிருந்தோ கிடைத்த ஸ்கிரிப்டை ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) அனுமதியோடு ஓட்டுவது ஆபத்து. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நெட் இல்லாமல் ஃபர்ம்வேரை எப்படி இறக்குவது? ஆண்ட்ராய்டு போனை கேபிளில் செருகி யூஎஸ்பி டெதரிங்கை (போனின் நெட்டைக் கேபிள் வழியே பகிரும் வசதி) ஆன் செய்யுங்கள். லினக்ஸுக்கு அது வயர் போட்ட நெட்வொர்க் கார்டு மாதிரிதான், டிஎச்சிபி (நெட்வொர்க் முகவரியைத் தானாகத் தரும் முறை) மூலம் ஐபி முகவரி வாங்கினால் போதும். போன் வீட்டு வைஃபையில் இருந்தால் மொபைல் டேட்டாகூடச் செலவாகாது.

கார்டு தெரிகிறது, ஆனால் எழவில்லை என்றால் வைஃபை முடக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ஆர்எஃப்கில் (rfkill) கட்டளையைப் போட்டுப் பாருங்கள். ஹார்டு பிளாக் என்று வந்தால் லேப்டாப்பின் வைஃபை சுவிட்சைத் தேடுங்கள்.

அப்புறம் பாஸ்வேர்டு. வைஃபை பாஸ்வேர்டைச் சாவியாக மாற்றும் டபிள்யூபிஏ பாஸ்ஃபிரேஸ் (wpa_passphrase) கட்டளை 64 எழுத்துச் சாவியைத் தரும்போது, கூடவே அசல் பாஸ்வேர்டையும் கமென்ட் வரியாக எழுதிவிடும். அந்த வரியை நீக்கிவிடுங்கள். அந்தச் சாவி இருந்தாலே உங்கள் வைஃபையில் நுழைந்துவிடலாம் என்பதால், சாவியைச் சேமித்த கோப்பின் அனுமதியையும் 600 ஆக்கி ரூட் மட்டும் படிக்கும்படி வையுங்கள்.