சிங்கப்பூர்–நியூயார்க்: குறுகிய வழியும் சீக்கிர வழியும்

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம் கிழக்குத் தீர்க்கரேகை 104 பாகையில் இருக்கிறது. நியூயார்க்கின் கென்னடி நிலையம் மேற்கு 74இல். கூட்டினால் 178. கிட்டத்தட்ட ஒன்றுக்கொன்று நேர் எதிர்ப்புறம். ஆகவே மிகக் குறுகிய வழி கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. வடதுருவத்தை ஒட்டிப் போகும். தட்டையான உலகப்படத்தில் கோடு போட்டுப் பழகியவர்கள் இதை லேசில் நம்பமாட்டார்கள்.

தூரத்தைக் கணக்கிட இங்கே பெரிய சூத்திரம் வேண்டாம். சாங்கியிலிருந்து துருவத்துக்கு 88.6 பாகை, துருவத்திலிருந்து கென்னடிக்கு 49.4, மொத்தம் 138. பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் ஏறத்தாழ 15,345 கி.மீ.

11 கி.மீ. உயரத்தில், மைனஸ் 56 டிகிரி குளிரில், ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. ஏர்பஸ் ஏ350 அதில் 0.85 பங்கு வேகத்தில், அதாவது 900 கி.மீ.யில் பறக்கும். வகுத்தால் 17 மணி நேரம். பயணச்சீட்டிலோ 18½ மணி நேரத்துக்கு மேல் போட்டிருக்கும். வாயிலிலிருந்து நகர்ந்து ஓடுபாதைக்கு ஊர்வது, மேலேறுவது, இறங்குவது, நெரிசலுக்கென்று ஒதுக்கும் நேரம் எல்லாம் அதில் அடக்கம்.

மீதியைத் தீர்மானிப்பது காற்று. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். அதைப் பிடிக்கத்தான் நியூயார்க் போகும் விமானம் பெரும்பாலும் துருவத்தை விட்டுவிட்டு, ஜப்பான் பக்கமாகப் பசிபிக்கைக் கடக்கிறது. வழி 16,500 கி.மீ. ஆனாலும் சராசரியாக 100 கி.மீ. பின்காற்று கிடைத்தால் 16½ மணி நேரத்தில் கடந்துவிடலாம். சுற்றுவழி, ஆனால் சீக்கிரம். எந்த வழி என்பதை அன்றன்றைய காற்று முன்னறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்வார்கள்.

போகும்போது கிடைத்த லாபம் வரும்போது சரிக்குச் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒரே வழியில் 10,000 கி.மீ. போய்வரக் காற்றில்லாவிட்டால் 22.2 மணி நேரம். 100 கி.மீ. காற்று அடித்தால் போக 10, திரும்ப 12½, மொத்தம் 22½. எதிர்காற்றில் விமானம் அதிக நேரம் இருப்பதால் எப்போதும் நஷ்டம்தான்.

அந்த நஷ்டத்துக்கும் சேர்த்து எரிபொருள் வேண்டும். இதுபோன்ற மிக நீண்ட தடங்களுக்கென்றே ஏர்பஸ் செய்த ஏ350-900 யுஎல்ஆர் (மிக நெடுந்தூர ரகம்) 1,65,000 லிட்டர் கொள்ளும். சாதாரண ரகம் 1,41,000. தூக்கும் எடைக்கு வரம்பு உண்டு என்பதால் 161 இருக்கைகள்தான், எகானமி வகுப்பே கிடையாது. எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும் என்பதால் தேவைக்கு மேல் நிரப்புவதும் வீண்.

திரும்பும்போது துருவ வழியைத் தேர்ந்தால் வேறொரு தொல்லை. அமெரிக்காவில் பரவலாகக் கிடைக்கும் ஜெட் ஏ எரிபொருள் மைனஸ் 40 டிகிரியில் உறையத் தொடங்கும். மற்ற நாடுகளின் ஜெட் ஏ-1 மைனஸ் 47 வரை தாங்கும். இறக்கைத் தொட்டிகள் அதிகம் குளிர்ந்தால் விமானி வேகத்தைக் கூட்டுவார், அல்லது வெப்பமான உயரத்துக்கு இறங்குவார். இரண்டுக்குமே கூடுதல் எரிபொருள் செலவாகும்.