மிக்ஸிங் வால்வு – விளாவி

புது வீட்டுக்குக் குழாய் போட வரும் பிளம்பரிடம் மிக்ஸிங் வால்வு என்று சொல்லிப் பாருங்கள், "வால் மிக்ஸரா சார், சிங்கிள் லீவரா?" என்று திருப்பிக் கேட்பார். அந்த வால் மிக்ஸரில் வருகிற வால், சுவர். அடுத்த மூச்சிலேயே கேட் வால், பால் வால் என்பார், அதில் வருகிற வால், வால்வு. தமிழ் வாலுக்கும் இந்த இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இந்தக் குழப்பத்தில், வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் ஒன்றாக்கிக் கைபொறுக்கும் சூட்டில் தருகிற இந்தச் சாமானுக்குத் தமிழில் என்ன பெயர் என்று யாரும் கேட்பதே இல்லை.

கலப்பு வால்வு, கலவை அடைப்பிதழ், கலக்கும் ஓரதர் என்றெல்லாம் வைத்துப் பார்க்கலாம்தான் (அடைப்பிதழ், ஓரதர் இரண்டும் வால்வுக்குச் சிலர் சொல்லும் தமிழ்ப் பெயர்கள்). எனக்கு எதுவும் ஒட்டவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் சாமானைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடலாம்.

கொடைக்கானலில் ஒரு விடுதி, டிசம்பர் மாதம். இரண்டு குழாயையும் பத்து நிமிடம் திருகித் திருகி ஒருவழியாகச் சூட்டைப் பதத்துக்குக் கொண்டுவந்து, தலையில் ஷாம்பு போட்டுக்கொண்டு நிற்கிறேன், பக்கத்து அறையில் யாரோ ஃபிளஷ் இழுத்தார்கள், என் முதுகு தீய்ந்தது. நடந்தது இவ்வளவுதான்: பச்சைத்தண்ணீர்க் குழாயில் அழுத்தம் சட்டென்று இறங்கிவிட்டது, வெந்நீர்க் குழாயில் அப்படியே இருந்தது, கலவையில் வெந்நீரின் பங்கு ஏறிவிட்டது. நான் திருகி வைத்த திருகு ஓர் இம்மி நகரவில்லை, ஆனாலும் சூடு மாறிவிட்டது. ஏனென்றால் சாதாரண மிக்ஸருக்குச் சூடு தெரியாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் எந்தக் கதவு எவ்வளவு திறந்திருக்கிறது என்பது மட்டும்தான்.

தெர்மோஸ்டாட் வைத்த மிக்ஸிங் வால்வுக்குச் சூடு தெரியும். அதன் வயிற்றுக்குள் சுண்டுவிரல் பருமனில் ஒரு சிமிழ் இருக்கும், அதற்குள் செப்புத்தூள் கலந்த மெழுகு. கலந்த நீர் இந்தச் சிமிழை உரசிக்கொண்டுதான் வெளியே போகும். நீர் கொஞ்சம் சூடேறினால் மெழுகு இளகிப் பருத்து ஒரு சின்னத் தண்டைத் தள்ளும், தண்டு ஒரு சறுக்கியைத் தள்ளும், சறுக்கி நகர்ந்து வெந்நீர் வாயைக் குறுக்கிக் குளிர்நீர் வாயை அகட்டும். நீர் ஆறினால் மெழுகு சுருங்கும், எதிர்ப்பக்கத்துச் சுருள்வில் சறுக்கியைத் திரும்பத் தள்ளிவிடும். மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். இந்த மெழுகுச் சிமிழை 1930-களில் செய்தவர் செர்ஜியஸ் வெர்னே, அது முதலில் பெயர் வாங்கியது கார் ரேடியேட்டரில். குளியலறைக்குப் பிறகு வந்தது.

கணக்கும் எளிதுதான். கீசரில் 60 டிகிரி, மேல்நிலைத் தொட்டியில் 25 டிகிரி, நமக்கு வேண்டியது 40 டிகிரி என்றால் வெந்நீர் 3 பங்குக்குப் பச்சைத்தண்ணீர் 4 பங்கு. மலைமேல் தொட்டி நீர் 10 டிகிரி என்றால் 3-க்கு 2. (சென்னையில் மே மாதம் மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வருவது எத்தனை டிகிரி என்று கேட்காதீர்கள், அங்கே பச்சைத்தண்ணீருக்குத்தான் கீசர் வேண்டும்.) வெந்நீரைக் குறைந்த சூட்டிலேயே சேமித்து வைத்தால் என்ன என்று தோன்றும். வைத்தால் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா தொட்டிக்குள் குடித்தனம் நடத்தும், அதனால்தான் 60 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். ஆனால் அதே 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலை வேகவைத்துவிடும், குழந்தைக்கும் வயதானவருக்கும் இன்னும் சீக்கிரம். அதனால் இங்கிலாந்தில் புது வீடுகளில் குளியல் தொட்டிக்கு வரும் நீர் 48 டிகிரியைத் தாண்டக்கூடாது என்று 2010-இலிருந்து கட்டட விதியே இருக்கிறது. சேமிப்பது ஒரு சூடு, மேலில் படுவது வேறு சூடு, நடுவில் நிற்பது இந்த வால்வு.

சரி, சொல்லுக்கு வருவோம். வால்வு என்பதன் மூலம் லத்தீன் வால்வா, மடக்குக் கதவின் ஒரு பலகை. சிப்பிகளை உயிரியல் பாடத்தில் இருவால்விகள் என்று படித்திருப்பீர்கள், இரண்டு பலகைக் கதவு என்று வைத்துக்கொண்டால் அது சட்டென்று விளங்கும். பள்ளிப் புத்தகத்தில் இதயத்துக்கு ஈரிதழ் வால்வு, மூவிதழ் வால்வு என்று இருக்கும். இதைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இதழ் என்றால் வால்வு என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. அங்கே இதழ் என்பது வால்வில் தொங்கும் மடலைக் குறிக்கிறது, வால்வு வால்வாகவேதான் நிற்கிறது. அடைப்பிதழ் என்று முழு வால்வுக்கும் பெயர் வைத்தால் இதயத்துக்கு ஈரிதழ் அடைப்பிதழ் என்று எழுத வேண்டிவரும், வாய் வலிக்கும். தவிர, மிக்ஸிங் வால்வுக்குள் இதழே கிடையாது. சிங்கிள் லீவர் குழாயைக் கழற்றினால் ஒரு கார்ட்ரிட்ஜ், அதற்குள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் இரண்டு பீங்கான் வட்டுகள், அவ்வளவுதான்.

ஓரதர் அழகான சொல். அதர் என்றால் வழி, பழைய சொல், ஓர் அதர் என்றால் ஒரே வழி. சைக்கிள் கடையில் வால்டியூப் என்று கேட்டு வாங்குவோமே, காற்று உள்ளே போகும், வெளியே வராது, அதற்கு ஓரதர் கச்சிதமாகப் பொருந்தும். பிளம்பர் என்.ஆர்.வி. என்று சொல்லும் திரும்பவிடா வால்வுக்கும் பொருந்தும். ஆனால் மிக்ஸிங் வால்வில் உள்ளே வர இரண்டு வழி, வெளியே போக ஒன்று, ஆக மூன்று அதர். அதைக் கலக்கும் ஓரதர் என்று சொன்னால் மூன்று சக்கர ஒற்றைச்சக்கர வண்டி என்று சொன்ன மாதிரி இருக்கும்.

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டுமா என்று கேட்பவர்கள் ஒரு காப்புரிமை விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். பேட்டன்ட் என்பதும் லத்தீன்தான், திறந்திருத்தல் என்ற பொருளிலிருந்து வந்தது, அரசர் முத்திரை வைத்து எல்லோரும் படிக்கத் திறந்தே விட்ட கடிதம். தமிழில் நாம் அதைக் காப்புரிமை ஆக்கிவிட்டோம், திறப்பு போய்க் காப்பு வந்துவிட்டது. குறை சொல்லவில்லை, உன் ரகசியத்தைத் திறந்து காட்டு, 20 ஆண்டு காப்புத் தருகிறேன் என்பதுதானே பேரம், ஆங்கிலம் முன்பாதியைப் பிடித்தது, தமிழ் பின்பாதியைப் பிடித்தது. சிலர் இதே சொல்லைப் புத்தகத்துக்கும் பாட்டுக்கும் போட்டுவிடுகிறார்கள், அது பதிப்புரிமை, வேறு சட்டம். இந்தியாவில் முதல் விண்ணப்பம் 1856-இல் கல்கத்தாவில் டிபென்னிங் என்ற பொறியாளர் கொடுத்தது, பங்கா, அதாவது கூரையில் தொங்கும் துணி விசிறி, அதை இழுக்கும் இயந்திரத்துக்கு. வெக்கையில்தான் எல்லாம் தொடங்கியிருக்கிறது.

இப்போது ஒருவர் மிக்ஸிங் வால்வுக்குக் காப்புரிமை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "வெந்நீர் வாய், குளிர்நீர் வாய், வெளிவாய் ஆகியவற்றைக் கொண்ட உடலும், சூட்டுக்கேற்ப நகரும் சறுக்கியும் உள்ள வால்வு" என்று முதல் கோரிக்கையில் எழுதுகிறார் (எது தன்னுடையது என்று எல்லை கட்டிக் காட்டும் வரிதான் கோரிக்கை). விண்ணப்பம் 18 மாதத்தில் வெளியிடப்படும், ஆய்வு செய்யச் சொல்லித் தனியாக மனு போட வேண்டும், போடாவிட்டால் விண்ணப்பம் அப்படியே செத்துவிடும். போட்டபின் ஆய்வாளர் தேடத் தொடங்குவார். தேடுவது பெயரை வைத்து அல்ல, பெயர்களை நம்பினால் அவர் பிழைக்க முடியாது. ஒருவர் குழாய் என்பார், இன்னொருவர் பாய்மக் கட்டுப்பாட்டமைப்பு என்று எழுதி மறைப்பார் (நீர், காற்று போல ஓடுவதெல்லாம் பாய்மம்). அதனால் உலகம் முழுதுக்கும் பொதுவான வகைப்பாட்டு எண் இருக்கிறது. வால்வுகளுக்கு எஃப்16கே, அதில் பலவழி வால்வுகள் 11-ஆம் பிரிவு. நம் சாமானுக்கு இன்னும் கச்சிதமான இடம் ஜி05டி 23/13. அந்த எண்ணுக்கு எழுதியிருக்கும் விளக்கத்தைத் தமிழில் சொன்னால், சூடு வேறுபட்ட இரண்டு பாய்மங்களின் கலவை விகிதத்தை மாற்றிச் சூட்டைக் கட்டுப்படுத்துதல். இந்த வரியை மறந்துவிடாதீர்கள், கடைசியில் வேண்டும்.

தேடினால் வருவது பெரிய வரிசை. கனடாவில் செயின்ட் ஜான் ஊர்க்காரர் தாமஸ் கேம்பெல் 1880-லேயே இரண்டு நீரையும் கலக்கும் ஒற்றைக் குழாய்க்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அமெரிக்காவில் ஆல் மோயென் 1937-இல் மாணவராக இருந்தபோது இரட்டைக் குழாயில் கையைச் சுட்டுக்கொண்டு யோசிக்கத் தொடங்கியவர், ஒற்றைக் கைப்பிடிக் குழாயைக் கடைக்குக் கொண்டுவர 1947 ஆயிற்று. அப்புறம் வெர்னேயின் மெழுகு. ஆக, நம் ஆள் எழுதிய முதல் கோரிக்கை முதல் ஆய்வறிக்கையிலேயே அடிவாங்கும்.

எப்படி அடிவாங்கும் என்பது இன்னும் சுவையானது. இந்தியச் சட்டத்தில் பிரிவு 3(எஃப்) என்று ஒன்று உண்டு: தெரிந்த கருவிகளை, ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தன் பழைய வேலையையே செய்யும்படி சும்மா சேர்த்து வைத்தால் அது கண்டுபிடிப்பே அல்ல. குழாயோடு ஒரு வெப்பமானியை ஒட்டி வைத்தால் அது சேர்த்து வைத்தது. மெழுகு, சறுக்கி, வில், நீர் நான்கும் ஒன்றையொன்று தள்ளிச் சமன் செய்தால் அது வேறு கதை. ஆனாலும் தாண்ட வேண்டியது இன்னொன்று இருக்கிறது, தொழில் தெரிந்த ஒருவருக்கு இது எளிதில் தோன்றியிருக்குமா என்ற கேள்வி. ரேடியேட்டரில் இருந்த மெழுகைக் குழாய்க்குள் வைக்கத் தோன்றாதா என்ன? உச்ச நீதிமன்றம் 1978-இல், கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்துக்கொள்ளும் கருவி ஒன்றின் காப்புரிமை வழக்கில் இதைத்தான் அலசியது, பட்டறையில் இருப்பவர் இயல்பாகச் செய்துவிடுகிற மேம்பாடு போதாது என்று காப்புரிமையைச் செல்லாததாக்கியது.

அதனால் விண்ணப்பதாரர் ஆறு மாதத்துக்குள் பதில் எழுதுகிறார், கோரிக்கையைச் சுருக்குகிறார். குளிர்நீர் நின்றுபோனால் வெந்நீர் வாயும் உடனே மூடிக்கொள்ளும்படி சறுக்கியின் விளிம்பு இன்ன வடிவில் இருக்கிறது என்று அவருடைய உண்மையான புதுமை எதுவோ அதில் வந்து நிற்கிறார். இந்த இடத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லைக்கல் வேலை. சொல் அகன்றால் பழசு உள்ளே வந்து விண்ணப்பம் விழும், ஒடுங்கினால் அண்டைக் கடைக்காரர் சுற்றிக்கொண்டு போய்விடுவார். கைபொறுக்கும் சூடு என்று எழுதினால் யார் கை என்று கேட்பார்கள். என் பாட்டியின் கை அடுப்பிலிருந்து தோசைக்கல்லைத் துணி இல்லாமல் இறக்கும்.

தண்ணீர் என்ற சொல்லே இங்கே சிக்கல். தண் என்றால் குளிர்ச்சி, தண்ணீர் என்றால் குளிர்ந்த நீர்தான், வெந்நீருக்கு எதிர்ச்சொல். நாமோ சுடுதண்ணி என்கிறோம், அதாவது சுடுகிற குளிர்நீர், ஒரே சொல்லுக்குள் மிக்ஸிங் வால்வு வைத்திருக்கிறோம். பேச்சுக்கு அது போதும், கோரிக்கையில் எழுதுவதானால் வெந்நீர், குளிர்நீர், கலந்த நீர் என்று மூன்றாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். (இந்தியக் காப்புரிமை அலுவலகம் இந்தி, ஆங்கிலம் இரண்டில்தான் விண்ணப்பம் வாங்கும் என்பது தெரியும். ஐ.டி.ஐ. பாடமும் குழாயோடு வரும் கையேடும் தமிழில் எழுதலாமே.)

இனி அந்த ஜி05டி வரிக்கு வருவோம். சூடு வேறுபட்ட இரண்டு நீரை, வேண்டிய சூடு வரும்வரை அளவு மாற்றி மாற்றிக் கலப்பது. தமிழில் இதற்கு ஒரே ஒரு வினைச்சொல் இருக்கிறது: விளாவு. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், அண்டாவில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பக்கத்தில் பச்சைத்தண்ணீர் வாளி. பாட்டி ஒரு சொம்பு ஊற்றுவாள், புறங்கையை விட்டுப் பார்ப்பாள், இன்னும் அரைச் சொம்பு, மறுபடி புறங்கை. "தண்ணி வெளாவியாச்சு, வாடா" என்பாள். அளந்து ஊற்றுவது, தொட்டுப் பார்ப்பது, திருத்துவது என்று மெழுகும் சறுக்கியும் வில்லும் செய்கிற மூன்று வேலையும் அதில் இருக்கின்றன.

வளாவு என்றும் சொல்வதுண்டு. அளாவு இதன் உறவுச்சொல் மாதிரித் தெரிகிறது, "சிறுகை அளாவிய கூழ்" என்று 64-ஆவது குறளில் குழந்தை கையை விட்டுத் துழாவுகிறதே, அதுவும் கலப்பதுதான். ஆனால் அளாவுவதும் கலப்பதும் எதற்கும் பொருந்தும், மோரும் சோறும் கலக்கலாம், பெயின்ட் கலக்கலாம். விளாவுவது என்றால் பெரும்பாலும் வெந்நீரைத்தான், அதுவும் சூட்டைத் தணிக்கத்தான். ஆய்வாளர் கேட்கிற எல்லை இந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

அதனால் என் பரிந்துரை விளாவி. உருக்கி, தாங்கி, வடிகட்டி மாதிரி வினையோடு இகரம், அவ்வளவுதான். கையால் திருகுவது கைவிளாவி, மெழுகு வைத்தது தானியங்கு விளாவி. சூட்டைப் பார்க்காமல் இரண்டு குழாயின் அழுத்தத்தை மட்டும் ஈடுகட்டும் வகை ஒன்று இருக்கிறது, அதை விளாவி என்று சொல்லாமல் அழுத்தச் சமனி என்று தனியாக வைப்பதே சரி, அதன் வேலை சூட்டை அல்ல, அழுத்தத்தைச் சமன்செய்வது. விளாவுமடை என்றும் யோசித்தேன், ஏரியில் மடையும் மதகும் வால்வு வேலையைத்தானே நூற்றாண்டுகளாகச் செய்கின்றன. ஆனால் குளியலறைச் சுவரில் மடை கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறது. வால்வு என்ற சொல்லைத் துரத்தவும் எனக்கு ஆசையில்லை, விளாவு வால்வு என்று யாராவது எழுதினாலும் தலையாட்டிவிடுவேன்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த பிளம்பரிடம் சொல்லிப் பார்த்தேன். டெஃப்லான் டேப்பைப் பல்லில் கடித்துக்கொண்டே கேட்டார், "வெளாவுறதா, எங்கம்மா சொல்லும் சார்" என்றார். கைப்பிடியை ஷவர் பக்கம் ஒருமுறை, குழாய்ப் பக்கம் ஒருமுறை திருப்பிக் காட்டி, "அப்ப இந்த டைவர்ட்டருக்கு?" என்றார். மடைமாற்றி என்றேன். "அது எங்க வயக்காட்டுல" என்று சிரித்துவிட்டு ஸ்பேனரை எடுத்தார்.