பவர் பேங்கின் பின்பக்கம்

விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் என் பவர் பேங்கைத் தட்டில் வைத்தேன். அலுவலர் அதை எடுத்த எடுப்பில் குப்புறத் திருப்பினார். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்த 20,000 என்ற எண்ணை அவர் கண்டுகொள்ளவே இல்லை. பின்பக்கத்துப் பொடியெழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தார். "எழுபத்து நான்கு, சரி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஓராண்டாக அதைச் சுமந்து திரிந்தும் நான் பின்பக்கத்தைப் படித்ததில்லை. படித்திருந்தால் ஒரு பழைய மனக்குறை தீர்ந்திருக்கும். என் கைபேசியின் பேட்டரி 5,000 மில்லிஆம்பியர் மணி, பவர் பேங்க் 20,000. நான்கு முறை சார்ஜ் ஏற வேண்டும் என்பது மூன்றாம் வகுப்பு வகுத்தல் கணக்கு. ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் மூன்றாவது முறை முழுமையாக ஏறுவதற்குள் அது படுத்துவிடும். விற்றவர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றே நினைத்திருந்தேன்.

முன்பக்க எண் பொய் சொல்லவில்லை. நாம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறது.

மில்லிஆம்பியர் மணி என்பது மின்னூட்டத்தின் அளவு. தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர் இருக்கிறது என்று சொல்வதைப் போன்றது. அந்தத் தண்ணீரால் எவ்வளவு வேலை நடக்கும் என்று தெரிய வேண்டுமானால், தொட்டி தரையில் இருக்கிறதா, மொட்டை மாடியில் இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். அந்த உயரம்தான் வோல்ட். இரண்டையும் பெருக்கினால் கிடைப்பது ஆற்றல். அதன் அலகு வாட் மணி.

பவர் பேங்குக்குள் இருக்கும் லித்தியம் அயனி செல் முழுதாக நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ட் காட்டும், தீரும் தறுவாயில் ஏறக்குறைய 3 வோல்ட். சராசரியாக 3.7 என்று கணக்கு வைத்துக்கொள்வது வழக்கம். 20,000 மில்லிஆம்பியர் மணி என்பது 20 ஆம்பியர் மணி. அதை 3.7ஆல் பெருக்கினால் 74 வாட் மணி. அலுவலர் தேடியது இந்த எண்ணைத்தான். மின்கட்டண ரசீதில் வரும் ஒரு யூனிட் 1,000 வாட் மணி. பழைய ரக சீலிங் ஃபேன் ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். ஆக, செங்கல் கனத்தில் பையை இழுக்கிற இந்தப் பெட்டிக்குள் இருப்பது ஒரு மின்விசிறி ஒரு மணி நேரம் சுழல்வதற்கான மின்சாரம். கணக்குப் போட்டுப் பார்த்த அன்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

லிட்டரை மட்டும் ஒப்பிட்டால் எப்படிச் சறுக்குவோம் என்பதற்கு மடிக்கணினி நல்ல சாட்சி. 4,400 மில்லிஆம்பியர் மணி என்று அச்சிட்ட மடிக்கணினி பேட்டரியைப் பார்த்தால், கைபேசியைவிடக் குறைவாக இருக்கிறதே என்று தோன்றும். அதில் செல்கள் தொடரிணைப்பில், ஒன்றின் தலைமேல் ஒன்றாக, 11.1 வோல்ட் உயரத்துக்கு நிற்கின்றன. பெருக்கினால் 49 வாட் மணிக்குப் பக்கம் வரும். கைபேசி செல்லின் சராசரி சற்றுக் கூடுதலாக 3.85 வோல்ட் என்று வைத்தாலும், அதன் 5,000 மில்லிஆம்பியர் மணிக்கு 19 சொச்சம்தான் வரும். பவர் பேங்கில் செல்கள் பெரும்பாலும் பக்க இணைப்பில் இருக்கும். உயரம் ஏறாது, லிட்டர் மட்டும் கூடும். பெட்டியின்மேல் பெரிய எண்ணைப் போட இது வசதி.

இனி அந்தத் தண்ணீர் கைபேசிக்குள் போக வேண்டும். இங்கேதான் வேடிக்கை. யூஎஸ்பி 1996இல் வந்தது. விசைப்பலகை, மவுஸ் போன்றவற்றைக் கணினியோடு இணைப்பதற்காக அன்று வைத்த 5 வோல்ட்தான் இன்றும் அதன் அடிப்படை. 3.7 உயரத் தொட்டியிலிருந்து 5 உயர மேடைக்குத் தண்ணீரை ஏற்ற வேண்டும். மேட்டுக்குத் தண்ணீர் தானாக ஏறாது.

வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயைச் சட்டென்று மூடினால் சுவருக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் முட்டுவதால், அந்த ஒரு கணம் குழாயில் அழுத்தம் எகிறுகிறது. மின்சுற்றில் இதே வேலையைச் செய்வது ஒரு கம்பிச்சுருள். மின்னணு ஸ்விட்ச் ஒன்று செல்லின் மின்னோட்டத்தைச் சுருள் வழியாக ஓடவிட்டு, திடீரென்று பாதையை அடைக்கிறது. சுருளில் ஓடும் மின்னோட்டம் சட்டென்று நிற்க மறுக்கும். அந்தப் பிடிவாதத்தில் வோல்ட் உயர்கிறது, உயர்ந்த மின்சாரம், அதைச் சேர்த்து வைக்கும் ஒரு மின்தேக்கிக்குள் போய் விழுகிறது. நொடிக்குப் பல லட்சம் தடவை இப்படி முட்டவைத்தால், மறுமுனையில் சீரான 5 வோல்ட் வந்துகொண்டிருக்கும். விரல்நுனி அளவுச் சுருள் ஓசையில்லாமல் செய்கிற இந்த வேலைதான் பவர் பேங்கிலேயே எனக்குப் பிடித்த பகுதி.

ஆனால் ஏற்றுக்கூலி உண்டு. ஸ்விட்சிலும் சுருளிலும் பத்து, பதினைந்து சதவீதம் வெப்பமாகப் போய்விடும். பவர் பேங்கைத் தொட்டால் சூடாக இருக்கிறதல்லவா, அதுதான் கூலி. இவ்வளவு பாடுபட்டு 5 வோல்ட்டுக்கு ஏற்றி அனுப்பியதைக் கைபேசி என்ன செய்கிறது? அதன் செல்லுக்குத் தேவை நான்கு சொச்சம் வோல்ட்தான். ஆகவே மறுபடியும் இறக்குகிறது. அதற்கும் கூலி.

இரண்டு இடத்திலும் பதினைந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டு கணக்கை முடித்துவிடலாம். 74 வாட் மணி முதல் கையில் 63 ஆகிறது, அடுத்த கையில் ஏறத்தாழ 53 ஆகிறது. கைபேசிக்கு ஒரு முறைக்கு 19 சொச்சம் தேவை. வகுத்தால் இரண்டே முக்கால் வருகிறது. மூன்றாவது முறை ஏறுவதற்குள் படுத்துவிடும் மர்மம் இவ்வளவுதான்.

பவர் பேங்கின் பின்பக்கத்தில் இதையும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 'ரேட்டட் கெபாசிட்டி', அதாவது உண்மையில் வெளியே வரும் அளவு, என்று ஒரு வரி இருக்கும். என்னுடையதில் 5 வோல்ட்டுக்கு 12,000 மில்லிஆம்பியர் மணி என்று இருக்கிறது. பெருக்கினால் 60 வாட் மணி. நம் கணக்கின் 63க்குப் பக்கத்தில்தான். வாங்கும்போது ஒப்பிட வேண்டியது இந்த வரியைத்தான். கம்பியில்லா சார்ஜிங் உள்ள பவர் பேங்க் என்றால் இழப்பு இன்னும் கூடும். மேசைமேல் அழகாக இருக்கும், நீண்ட பயணத்துக்கு நான் எடுத்துப்போக மாட்டேன்.

விமானத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை? 100 வாட் மணி வரை விமான நிறுவனத்தின் தனி அனுமதி இல்லாமல் கைப்பையில் கொண்டுபோகலாம். அதற்கு மேல் 160 வரை அனுமதி வேண்டும், அதையும் தாண்டினால் இடமில்லை. கடைகளில் 26,800 என்று ஒரு விநோதமான எண்ணைப் பார்த்திருப்பீர்கள். 3,350 மில்லிஆம்பியர் மணி கொண்ட எட்டு செல்கள். 3.7ஆல் பெருக்கினால் 99.16. கோட்டைத் தொடாமல் நிற்பதற்கென்றே பிறந்த எண்.

செல்லுக்குள் நேர்முனைத் தகட்டையும் எதிர்முனைத் தகட்டையும் பிரிப்பது தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம். நசுங்கியோ, தயாரிப்புப் பிழையாலோ அது கிழிந்தால் உள்ளேயே மின்குறுக்கு (ஷார்ட் சர்க்யூட்) ஏற்படும். சூடு வேதிவினையைத் தூண்ட, அந்த வினை மேலும் சூட்டைக் கிளப்ப, பக்கத்துச் செல்லும் பற்றிக்கொள்ளும். பெட்டிகள் போகும் சரக்கறையில் தீயணைப்பு வாயு இருந்தாலும், செல்லுக்குள் நடக்கும் வினையை அது நிறுத்தாது. பயணிகள் அறையில் என்றால் புகையை யாராவது பார்ப்பார்கள், தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்கலாம். 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசன் விமானத்தில், இருக்கைக்கு மேலுள்ள பெட்டியிலிருந்து தீ கிளம்பியது. 176 பேரும் உயிர் தப்பினார்கள்; விமானம் கருகியது. பவர் பேங்க்தான் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். அதே ஆண்டு ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்களுக்குள் பவர் பேங்கைப் பயன்படுத்துவதற்குத் தடை விதித்தது.

ஆகவே உப்பிய பவர் பேங்கைச் சில நாள் பார்க்கலாம் என்று வைத்திருக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டும் போகாதீர்கள். மாதக்கணக்கில் அலமாரியில் தூங்கப்போகிறதென்றால் பாதி சார்ஜில் வைப்பது செல்லுக்கு நல்லது.

அன்றைய வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவரின் பவர் பேங்கில் பின்பக்க எழுத்துகள் கைபட்டுத் தேய்ந்து அழிந்திருந்தன. எத்தனை வாட் மணி என்று படிக்க முடியாததால் அதை உள்ளே விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னுடையதைக் குப்புறப் போட்டு, அந்தப் பொடியெழுத்தின்மேல் கண்ணாடி டேப் ஒட்டினேன்.